சுப்ரதோ முகர்ஜி யார்? வேலூர்ப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளும் பதில்களும்

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று நான்காகப் பிரிந்து நிற்கும் பழைய வட ஆற்காட்டில், பள்ளிக்கூடத்தில் கால்பந்து ஆடுகிற பிள்ளைகளுக்கு 'சுப்ரதோ கப்' தெரியும். அந்தப் பெயருக்குரிய மனிதரைத்தான் தெரியாது. நான் விமானப்படையில் தரைப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். இப்போது கணியம்பாடிப் பக்கம் ஆள்சேர்ப்புக்குத் தயாராகிற பையன்களுக்கும் பெண்களுக்கும் கொஞ்சம் வழிகாட்டி வருகிறேன். அவர்களும் அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

சார், சுப்ரதோ என்பது ஆள் பெயரா, ஊர் பெயரா?

ஆள் பெயர். முழுப்பெயர் சுப்ரதோ முகர்ஜி. இந்திய விமானப்படைக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர். 1954 ஏப்ரல் 1 முதல் 1960 நவம்பர் 8-ல் இறக்கும்வரை அந்தப் பதவியில் இருந்தார். 'இந்திய விமானப்படையின் தந்தை' என்று அவரைச் சொல்வார்கள். இப்படிப்பட்ட பட்டங்களை நம் ஊரில் கொஞ்சம் தாராளமாகவே கொடுப்போம். ஆனால் இவருக்கு அது பொருந்தும். ஏன் என்று கீழே போகப் போகத் தெரியும்.

எந்த ஊர்க்காரர்?

வங்காளி. 1911 மார்ச் 5 அன்று கல்கத்தாவில் பிறந்தார். அப்பா சதீஷ் சந்திர முகர்ஜி ஐ.சி.எஸ். அதிகாரி. அம்மாவின் அப்பா பி.கே.ராய், கல்கத்தா பிரசிடென்சி கல்லூரிக்கு முதல்வரான முதல் இந்தியர். அக்கா ரேணுகா ராய் பின்னாளில் மேற்கு வங்காளத்தில் அமைச்சராக இருந்தவர். ஆக, வசதியும் படிப்பும் உள்ள வீடு. அதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் இங்கிலாந்துக்குப் போய் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள ஏழை வீட்டுப் பையனால் முடிந்திருக்காது.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்தியர்களை விமானம் ஓட்ட விட்டார்களா?

சுலபமாக விடவில்லை. முதல் உலகப் போரில் இந்திரலால் ராய் என்ற கல்கத்தா இளைஞர் பிரிட்டிஷ் விமானப் பிரிவில் சேர்ந்து, 1918 ஜூலையில் இரண்டு வாரத்துக்குள் 10 எதிரி விமானங்களை வீழ்த்தினார். அதே மாதம் 22-ஆம் தேதி தானும் வீழ்ந்தார். அப்போது அவருக்கு இருபது வயதுகூட ஆகவில்லை. முகர்ஜிக்கு அவர் தாய்வழி உறவு.

இதற்குப் பிறகும், 'இந்தியனுக்கு இயந்திரம் கையாளத் தெரியாது' என்ற எண்ணம் மேலிடத்தில் போகவில்லை. 1925-ல் அமைக்கப்பட்ட ஸ்கீன் குழுதான் இந்தியர்களை இங்கிலாந்தின் கிரான்வெல் விமானப்படைக் கல்லூரிக்கு அனுப்பலாம் என்று பரிந்துரைத்தது. 1930-ல் ஆறு பேர் அங்கே போனார்கள். அந்த ஆறு பேரில் ஒருவர் முகர்ஜி. 1932 அக்டோபர் 8 அன்று இந்திய விமானப்படைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. விமானப்படை நாளை இன்றும் அந்தத் தேதியில்தான் கொண்டாடுகிறோம். முகர்ஜி அதிகாரியானதும் அதே நாளில்தான்.

தொடக்கத்தில் விமானப்படை எவ்வளவு பெரிது?

சிரிக்காதீர்கள். 1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியின் டிரிக் ரோட்டில் 1-ஆம் எண் ஸ்குவாட்ரன் என்ற முதல் விமானப் பிரிவு தொடங்கியபோது மொத்தம் நான்கு வாப்பிட்டி விமானங்கள், ஆறு இந்திய அதிகாரிகள், 19 'ஹவாய் சிப்பாய்கள்' (தரைப்பணி வீரர்கள்). அவ்வளவுதான். தலைமை பிரிட்டிஷ் அதிகாரி செசில் பௌஷியரிடம் இருந்தது. தரைப்பணியில் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த 19 பேரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. விமானி மேலே போய்க் கீழே இறங்குகிற ஒவ்வொரு முறையும் அவர்கள் கை பட்ட இயந்திரத்தை நம்பித்தான் போனார்.

அந்த ஆறு அதிகாரிகளில் ஐந்து பேர் விமானிகள்: ஹரிஷ் சந்திர சர்க்கார், சுப்ரதோ முகர்ஜி, பூபேந்திர சிங், ஐஜாத் பக்ஷ் அவான், அமர்ஜீத் சிங். இவர்களில் பூபேந்திர சிங்கும் அமர்ஜீத் சிங்கும் தொடக்க காலத்திலேயே விபத்தில் இறந்துபோனார்கள். சர்க்கார் ஒரு விபத்துக்குப் பிறகு படையை விட்டுப் போக வேண்டியிருந்தது. அவான் தேசப் பிரிவினையின்போது பாகிஸ்தான் பக்கம் போனார். கடைசிவரை இந்தப் படையிலேயே நின்றவர் முகர்ஜி ஒருவர்தான்.

ஆறாவது அதிகாரி ஏன் விமானம் ஓட்டவில்லை? எனக்கும் உயரம் கம்மி, சார்.

ஜே.என்.டாண்டன். உயரம் போதவில்லை என்பதால் விமானியாக முடியவில்லை. தளவாடப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். பறக்க முடியாதவரை வீட்டுக்கு அனுப்பாமல் வேறு வேலை கொடுத்தது நல்ல காரியம்.

இன்றைய நிலவரம்: பறக்கும் பிரிவுக்குப் பொதுவாகக் குறைந்தது 162.5 செ.மீ. உயரம் வேண்டும். உயரம் மட்டும் போதாது, கால் நீளம் 99 முதல் 120 செ.மீ.க்குள் இருக்கிறதா, உட்கார்ந்தால் எவ்வளவு உயரம், தொடை எவ்வளவு நீளம் என்றெல்லாம் அளப்பார்கள். காக்பிட்டில் பெடலும் எட்ட வேண்டும், அவசரத்தில் வெளியேறும்போது முட்டியும் இடிக்கக் கூடாது, அதற்காகத்தான். ஒவ்வொரு ஆண்டும் வரும் அறிவிப்பில் ஒருமுறை சரிபார்த்துக்கொள், தம்பி. தரைப்பணிக் கிளைகளுக்கு அளவுகள் வேறு.

வாப்பிட்டி எப்படிப்பட்ட விமானம்?

மேலும் கீழும் இரண்டு அடுக்கு இறக்கை, ஒற்றை எஞ்சின், மூடியில்லாத காக்பிட். முன்னால் விமானி, பின்னால் லூயிஸ் துப்பாக்கியோடு சுடுபவர். எவ்வளவு விரட்டினாலும் மணிக்கு 200 கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். வடமேற்கு எல்லைப்புற மலைகளில் (இன்றைய பாகிஸ்தான்-ஆப்கானிஸ்தான் எல்லை) குளிர்காலத்தில் இதில் பறந்தவர்கள் கம்பளியைச் சுற்றிக்கொண்டு உட்கார வேண்டும். வானில் சண்டை போடுவதற்காகச் செய்யப்பட்ட விமானம் இல்லை இது. தரையில் இருக்கும் ராணுவத்துக்கு வேவு பார்ப்பது, செய்திப் பையைப் போடுவது, தேவைப்பட்டால் குண்டு போடுவது, இவைதான் அதன் வேலை.

அப்படியென்றால் அவர் வெள்ளைக்காரனுக்காகக் குண்டு போட்டவர்தானே?

கம்மவான்பேட்டையில் ஒரு பெரியவர் கேட்டது இது. வீட்டுக்கு ஓர் ஆளைப் பட்டாளத்துக்கு அனுப்பிய ஊர் அது. 'ராணுவப்பேட்டை' என்றே அதற்குப் பெயர். அந்த ஊரில் இந்தக் கேள்வி வருவது நியாயம்தான்.

ஆமாம். 1936-க்குப் பிறகு அந்த ஸ்குவாட்ரன் பெஷாவர், மீரான்ஷா பக்கம் வேலை செய்தது. வஜிரிஸ்தான் மலைகளில் இப்பி பக்கீர் தலைமையில் கிளம்பிய பழங்குடி எதிர்ப்பை அடக்குவதற்கு பிரிட்டிஷ் அரசு விமானங்களைப் பயன்படுத்தியது. முன்கூட்டித் துண்டறிக்கை போட்டு ஊரைக் காலி செய்யச் சொல்லிவிட்டுக் குண்டு போடுவது வழக்கம். துண்டறிக்கை போட்டதால் அது நல்ல காரியமாகிவிடாது. முகர்ஜியும் அவர் தோழர்களும் அந்த வேலையைத்தான் செய்தார்கள்.

வட ஆற்காட்டுக்காரர்களுக்கு இந்த இக்கட்டு புதிதல்ல. 1806 ஜூலை 10 அன்று வேலூர்க் கோட்டையில் கம்பெனிக்கு எதிராக எழுந்ததும் சிப்பாய்கள்தான். அதன் பிறகு சுமார் நூற்று நாற்பது ஆண்டுகள் அதே ஆட்சிக்காகச் சண்டை போடக் கடல் கடந்து போனவர்களும் இதே மண்ணின் சிப்பாய்கள்தான். ஒன்றைச் சொல்லி மற்றதை அழிக்க முடியாது. என் கருத்தைக் கேட்டால், முகர்ஜி எல்லைப்புறத்தில் செய்ததைப் பெருமையாகப் பேசுவதற்கு ஒன்றும் இல்லை. ஆனால் 1947-ல் நாட்டுக்கு ஒரு விமானப்படை தேவைப்பட்டபோது, அதை நடத்தத் தெரிந்த ஆட்கள் கைவசம் இருந்தது அந்த எல்லைப்புற ஆண்டுகளால்தான்.

காலுறையில் தோட்டா கட்டிப் போட்டாராமே, நிஜமா?

விமானப்படையில் வழிவழியாகச் சொல்லப்பட்டு வரும் கதை. 1940 வாக்கில், எல்லைப்புறத்தில் ராணுவத்தின் ஒரு சின்னக் காவல் அரண் பழங்குடியினரால் சூழப்பட்டு, கையிலிருந்த தோட்டா தீர்ந்துபோயிற்று. மேலே பறந்துகொண்டிருந்த முகர்ஜியும் பின்னால் இருந்த சுடுபவரும் தங்கள் துப்பாக்கியிலிருந்த தோட்டாக்களைக் கழற்றி, காலுறைகளில் போட்டு, தாழப் பறந்து அரணுக்குள் எறிந்தார்கள். இதுதான் கதை. தோட்டாவைக் கொடுத்துவிட்டால் பின்பக்கத் துப்பாக்கி சும்மா. அது தெரிந்தேதான் செய்தார்கள்.

பர்மாவில் ஜப்பான்காரனோடு சண்டை போட்டாரா?

இல்லை. 1-ஆம் எண் ஸ்குவாட்ரன் 1942-ல் பர்மாவில் லைசாண்டர் விமானங்களோடு போரிட்டபோது அதை நடத்தியவர் கே.கே.மஜும்தார். எல்லாரும் 'ஜம்போ' என்று கூப்பிடுவார்கள். 1944-ல் இம்பால் போரில் அதே ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கியவர் அர்ஜன் சிங். முகர்ஜி அதற்குள் க்வெட்டா ஸ்டாஃப் காலேஜில் (ராணுவ அதிகாரிகளுக்கான உயர்பயிற்சிக் கல்லூரி) படித்து, நிர்வாகப் பக்கம் போய்விட்டார்.

சில பிள்ளைகளுக்கு இது ஏமாற்றமாக இருக்கிறது, முகத்தைப் பார்த்தாலே தெரியும். எதிரி விமானத்தை வீழ்த்தாதவர் எப்படிப் பெரிய ஆள் என்று கேட்கிறார்கள். விமானப்படையில் இருந்த யாரிடமாவது போய்க் கேளுங்கள்: ஒரு விமானம் காலையில் ஒழுங்காகக் கிளம்ப எத்தனை பேருடைய வேலை ஒழுங்காக நடந்திருக்க வேண்டும் என்று. முகர்ஜி செய்தது அந்த ஒழுங்கை உண்டாக்கியது.

நாலு 'முதல்' என்கிறார்களே, அவை என்ன?

ஃபிளைட், ஸ்குவாட்ரன், ஸ்டேஷன், முழுப்படை. நான்குக்கும் தலைமை தாங்கிய முதல் இந்தியர் அவரே. ஃபிளைட் என்றால் ஒரு சில விமானங்கள் கொண்ட சின்னப் பிரிவு. இரண்டு மூன்று ஃபிளைட் சேர்ந்தால் ஸ்குவாட்ரன். ஸ்டேஷன் என்பது ஓடுதளம், ஹாங்கர், ஆயுதக் கிடங்கு, குடியிருப்பு, மெஸ், மருத்துவமனை எல்லாம் அடங்கிய தளம். 1939 மார்ச்சில் ஸ்குவாட்ரன் அவர் கைக்கு வந்தது. 1943-ல் எல்லைப்புறத்திலிருந்த கோஹாட் தளம் வந்தது.

இதில் எது பெரிது என்றால், என் பார்வையில் கோஹாட். ஸ்குவாட்ரனை நல்ல விமானி ஒருவர் நடத்திவிடலாம். ஸ்டேஷனை நடத்தக் கணக்கு தெரிய வேண்டும், சமையல்காரன் முதல் ஆயுதக் கிடங்குக்காரன் வரை எல்லாரையும் கட்டி மேய்க்கத் தெரிய வேண்டும். அங்கே பிரிட்டிஷ்காரர்களும் அவருக்குக் கீழே வேலை பார்த்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

1947-லேயே அவரை ஏன் தளபதியாக்கவில்லை?

சுதந்திரம் வந்தபோது படைகளின் உச்சியில் பிரிட்டிஷ் அதிகாரிகள்தான் இருந்தார்கள். தரைப்படைக்கு 1949 ஜனவரி 15-ல் கரியப்பா வந்தார். விமானப்படைக்கு 1954 வரை ஆயிற்று. கடற்படைக்கு 1958 ஏப்ரல் 22-ல் ராம்தாஸ் கட்டாரி. நம் பக்கத்துச் செங்கல்பட்டில் பிறந்தவர் அவர்.

காரணம் எளிது. 1932-ல்தான் பிறந்த படை. உலகப்போர் தொடங்கும்போது மொத்தம் ஒரே ஸ்குவாட்ரன். அதற்குள் பெரிய படையை நடத்திப் பழகிய மூத்த இந்திய அதிகாரிகள் எங்கிருந்து வருவார்கள்? எல்ம்ஹர்ஸ்ட், ஐவ்லா-சாப்மன், கிப்ஸ் என்று மூன்று பிரிட்டிஷ் தளபதிகள் அடுத்தடுத்து வந்தார்கள். முகர்ஜி தலைமையகத்தில் மூத்த இந்திய அதிகாரியாக இருந்து வேலை கற்றுக்கொண்டார். இடையில் லண்டன் இம்பீரியல் டிஃபென்ஸ் காலேஜிலும் படித்தார். எல்ம்ஹர்ஸ்ட் செய்த ஒரு நல்ல காரியத்தையும் சொல்லியாக வேண்டும்: விமானப்படை தரைப்படைக்குக் கீழ்ப்பட்ட பிரிவாக இல்லாமல் தனிப்படையாகவே இருக்க வேண்டும் என்று அவர் உறுதியாக நின்றார்.

தளபதியாக வந்து என்ன செய்தார்?

இதைத்தான் எல்லாரும் ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள்.

1954 ஏப்ரல் 1. 1-ஆம் எண் ஸ்குவாட்ரனுக்கு 21 வயது நிறைந்த நாள். அன்றுதான் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் விமானப்படைக்குக் கொடி வழங்கினார். அன்றுதான் 43 வயது முகர்ஜி பொறுப்பேற்றார். நான்கு வாப்பிட்டியோடு தொடங்கியபோது கூட இருந்தவரே தலைமைக்கு வந்தார்.

அவர் வந்தபோது படையில் வாம்பயர், தூஃபானி ஜெட்கள் இருந்தன. பழைய பிஸ்டன் எஞ்சின் விமானங்களும் கலந்து கிடந்தன. அடுத்த ஆறு ஆண்டுகளில் பிரான்ஸிலிருந்து மிஸ்டேர், இங்கிலாந்திலிருந்து ஹண்டர், கான்பெரா, நாட் எல்லாம் வந்து சேர்ந்தன. விமானம் வாங்குவது கடையில் சாமான் வாங்குகிற வேலையில்லை. ஒவ்வொரு வகைக்கும் தனி உதிரிபாகம், தனிக் கருவி, தனிப் பயிற்சி, தனிக் கையேடு. ஓடுதளத்தை நீட்ட வேண்டும். மெக்கானிக்குகளைத் திரும்பப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். ஒரே நேரத்தில் நாலைந்து வகை புது ஜெட்டை உள்ளே இழுத்துக்கொண்டு படை தடுமாறாமல் நிற்பது லேசில்லை. தரையில் நின்று பார்த்தவனுக்கு அதன் பாடு புரியும்.

நாட் கதை சுவையானது. இறக்கை முனைக்கு முனை 7 மீட்டர்கூட வராத குட்டி விமானம். அதைச் செய்த இங்கிலாந்திலேயே ஒற்றை இருக்கைப் போர் விமானமாக எடுத்துக்கொள்ளவில்லை, பயிற்சி விமானமாகத்தான் எடுத்துக்கொண்டார்கள். இந்தியா அதைப் போர் விமானமாகவே வாங்கியதோடு, பெங்களூரில் எச்.ஏ.எல். என்ற அரசு விமானத் தொழிற்சாலை மூலம் இங்கேயே செய்யவும் தொடங்கியது. 1965 போரில் பாகிஸ்தானின் சேபர் விமானங்களுக்குப் பெரிய தலைவலியாக இருந்தது இந்தக் குட்டிதான். அதே போரில் பாகிஸ்தானின் பாதீன் ராடார் நிலையத்தைத் தாக்கியவை கான்பெராக்கள். 1971 போரில் ராஜஸ்தானின் லோங்கேவாலாவில் பாகிஸ்தான் டாங்குகளை நொறுக்கியவை ஹண்டர்கள். முகர்ஜி இதில் எதையும் பார்க்க உயிரோடு இல்லை.

நமக்குப் பக்கத்தில் ஒன்று: விமானப் பயிற்சி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளி அம்பாலாவிலிருந்து தாம்பரத்துக்கு வந்ததும் அதே 1954-ல்தான்.

அவர் காலத்தில் ஒன்றும் தவறாகப் போகவில்லையா?

போயிற்று. 1959 ஏப்ரல் 10, ஈத் பண்டிகை நாள். வேவு பார்க்கப் போன நம் கான்பெரா ஒன்றை ராவல்பிண்டி அருகே பாகிஸ்தான் சேபர் விமானம் சுட்டு வீழ்த்தியது. உள்ளே இருந்த இருவரும் பாராசூட்டில் குதித்து உயிர் தப்பினார்கள், பிடிபட்டார்கள். உயரத்தில் பறந்தால் யாராலும் எட்ட முடியாது என்ற நம்பிக்கைக்கு அது ஓர் அடி.

அவர் ஏர் சீஃப் மார்ஷலா?

இல்லை, ஏர் மார்ஷல். அப்போது படை சிறியது, தலைவரின் பதவித்தரமும் அவ்வளவுதான். ஏர் சீஃப் மார்ஷல் தரம் முதன்முதலில் 1966-ல் அர்ஜன் சிங்குக்குக் கிடைத்தது. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

எப்படி இறந்தார்? விமான விபத்தா?

எத்தனையோ ஆண்டு ஓட்டை விமானங்களில் மலைக்கு நடுவே பறந்து தப்பியவர், 1960 நவம்பர் 8 அன்று டோக்கியோவில் ஓர் உணவகத்தில் நண்பரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உணவு மூச்சுக்குழாயில் சிக்கி இறந்துபோனார். வயது 49. டாக்டர் வருவதற்குள் முடிந்துவிட்டது. டெல்லியில் இறுதிச் சடங்கின்போது வயதுக்கு ஒன்றாக 49 விமானங்கள் மேலே பறந்தன.

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நர்ஸிங் படிக்கும் ஒரு பெண் இதைக் கேட்டதும், 'பின்னால் நின்று வயிற்றை அழுத்தியிருந்தால் பிழைத்திருப்பாரே' என்றாள். ஹைம்லிக் என்ற டாக்டர் அந்த முறையை வெளியிட்டதே 1974-ல்தான், அம்மா. இப்போது நமக்குத் தெரியும். மெஸ்ஸிலும் ஹாஸ்டலிலும் இருப்பவர்கள் கண்டிப்பாகக் கற்றுக்கொள்ளுங்கள்.

குடும்பம்?

1939-ல் சாரதா பண்டிட்டை மணந்தார். ஒரு மகன். கணவர் போன பிறகு சாரதா முகர்ஜி அரசியலுக்கு வந்தார். மகாராஷ்டிரத்தின் ரத்னகிரியிலிருந்து மக்களவைக்கும் போனார். ஆந்திரத்துக்கும் குஜராத்துக்கும் ஆளுநராக இருந்தார். அவருக்கே தனியாக ஒரு பக்கம் எழுதலாம்.

அரக்கோணத்தில் பறக்கிறதே, அது இவர் வளர்த்த படையா?

இல்லை, அது கடற்படை. 1992 மார்ச்சில் குடியரசுத் தலைவர் ஆர்.வெங்கட்ராமன் தொடங்கிவைத்த ஐ.என்.எஸ். ராஜாளி தளம். கடலில் நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானங்கள் அங்கிருந்துதான் போகின்றன. ஹெலிகாப்டர் விமானிகளுக்கான பயிற்சிப் பள்ளியும் அங்கே இருக்கிறது. விமானப்படைத் தளம் வேண்டுமென்றால் தமிழ்நாட்டில் தாம்பரம், சூலூர், தஞ்சாவூர்.

எங்கள் ஊரிலிருந்து நான் போகணும் என்றால்?

பிளஸ் டூ-வில் இயற்பியலும் வேதியியலும் கணிதமும் எடுத்திருந்தால் அதிகாரியாவதற்கான என்.டி.ஏ. (தேசிய பாதுகாப்பு அகாடமி) தேர்வு எழுதலாம். யு.பி.எஸ்.சி. நடத்துகிறது. இப்போது பெண்களும் எழுதலாம். பட்டம் முடித்தவர்களுக்கு விமானப்படை நடத்தும் ஏ.எஃப்.சி.ஏ.டி. தேர்வு. அதிகாரியாக இல்லாமல் படைவீரராகச் சேர அக்னிவீர் வாயு. எட்டு ஒன்பது வயதுப் பிள்ளை வைத்திருக்கும் பெற்றோருக்கு: உடுமலை அருகே அமராவதிநகர் சைனிக் பள்ளியை விசாரியுங்கள், ஆறாம் வகுப்பிலேயே சேர்க்கலாம். பணம் கட்டினால் சீட் வாங்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் வாசலோடு திருப்பி அனுப்புங்கள். அப்படி ஒரு வழி கிடையாது.

கால்பந்துக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்?

கல்கத்தாக்காரர், மோகன் பகான் ரசிகர். அது போதாதா? பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடு முழுக்க ஒரு கால்பந்துப் போட்டி வேண்டும் என்பது அவர் யோசனை. 1960-ல் முதல் போட்டி நடந்தது. பிறகு அவர் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. விமானப்படைதான் இன்றும் நடத்துகிறது. 2012 முதல் பெண்களுக்கும் தனிப் பிரிவு உண்டு. மாவட்டம், மாநிலம் என்று ஜெயித்துப் போனால் கடைசிக் கட்டத்துக்குப் போகலாம்.

வாப்பிட்டி விமானத்தை இப்போது எங்கே பார்க்கலாம்?

டெல்லி பாலம் விமானப்படை அருங்காட்சியகத்தில் ஒன்று இருக்கிறது. அதே கூடத்தில் நாட்டும் இருக்கிறது. இரண்டையும் பார்த்துவிட்டு வாருங்கள். அடையாள அட்டை மறக்காதீர்கள், வாசலில் கேட்பார்கள்.